ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி இருக்கிறது

முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவர் பிசியோதெரபிக்கு வந்தார். முப்பது வருடம் மடியில் சொளவு (முறம்) வைத்து, குனிந்து பீடி சுற்றியவர். கழுத்து வலி.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லங்காவ. அப்ப நான் நடிக்கேனாய்யா?"

வலி நிஜம்தான் ஆச்சி என்றேன். 3 மாதம் தாண்டினால் அது நாள்பட்ட வலி. பல நேரம் காயம் ஆறியிருக்கும். நரம்பும் மூளையும் மட்டும் உஷாராகவே இருக்கும். இதைப் பாடமாக எடுத்தால் யாருக்கும் ஏறாது (கல்லூரியில் எனக்கே ஏறவில்லை).

"திருடன் வந்துபோன வீட்டு நாய், அப்புறம் பால்காரரைக் கண்டாலும் குரைக்கும்லா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாயை அடிக்கப்படாது, பழக்கணும்."

அதேதான். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்க என்றேன்.

"சரிய்யா, ஆயிரம் பீடி எப்ப முடிய?"