கண்மதிப்பு போதாது

பிரசவ அறையில் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் சீக்கிரமே ஒட்டிக்கொள்கிறது. குழந்தை பிறந்த பின் தாய்க்கு எவ்வளவு ரத்தம் போனது என்பதை அளக்காமல், விரிப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "300 மில்லி இருக்கும்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது. ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும்போதுதான் கண் மிகவும் குறைத்துச் சொல்லும். துணி உறிஞ்சிக்கொள்கிறது, ரத்தக்கட்டிகள் நஞ்சுக்கொடியோடு பேசினுக்குள் போய்விடுகின்றன.

அளப்பது பெரிய வேலையே இல்லை. குழந்தை பிறந்து பனிக்குட நீர் வடிந்ததும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையை இடுப்புக்கு அடியில் விரிக்க வேண்டும். முன்னாலேயே விரித்தால் நீரும் சேர்ந்து கணக்கு கெட்டுவிடும். பை கிடைக்காத இடத்தில் பேடுகளை எடை போடலாம். நனைந்த எடையில் உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி.

பிரஷர் இறங்கட்டும் என்று காத்திருப்பது பெருந்தவறு. இளம் உடம்பு நிறைய ரத்தம் போன பிறகும் பிரஷரைப் பிடித்து வைத்திருக்கும். பெரும்பாலும் நாடிதான் முதலில் ஏறும். நாடித்துடிப்பை மேல் பிரஷரால் வகுத்து வரும் எண் 0.9-ஐத் தொட்டாலே, தாய் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான்.

500 மில்லி ஆனதும் எல்லாம் சேர்ந்தே நடக்க வேண்டும்: கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக வைப்பது, அதைச் சுருங்க வைக்கும் மருந்தான ஆக்ஸிடாசின், 10 நிமிடத்தில் ஏறும்படி 1 கிராம் டிரானெக்ஸாமிக் ஆசிட் (உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் மருந்து), சலைன், கிழிசலும் தங்கிய நஞ்சுக்கொடித் துணுக்கும் உண்டா என்ற சோதனை. ஒன்று கேட்கவில்லையென்றால் அடுத்தது என்று போனால் நேரம் கைவிட்டுப் போகும். பையால் அளந்து, இவற்றை ஒருசேரச் செய்த இடங்களில் கடுமையான ரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததை 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு காட்டியது.

கைக்கு கர்ப்பப்பை பிசைந்த மாவுபோலத் தட்டுப்பட்டால், மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நிறைந்த மூத்திரப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளிச் சுருங்கவிடாது. டியூப் போட்டு வடித்ததும் சில சமயம் கர்ப்பப்பை தானே கெட்டியாகிவிடும். ஆக்ஸிடாசின் கேட்கவில்லை என்றால் அதன் ஆம்பூல் (மருந்துக் குப்பி) எங்கே இருந்தது என்று கேளுங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து டிரேயில் நாள்கணக்கில் கிடந்தால் வீரியம் போய்விடும்.

வார்டுக்கு மாற்றிய பிறகும் போர்வையை விலக்கிப் பாருங்கள். மல்லாந்து படுத்திருப்பவருக்கு ரத்தம் முதுகுப் பக்கம்தான் தேங்கும். பேடு காய்ந்திருக்கும், இடுப்புக்கு அடியில் கை விட்டால் நனைந்திருக்கும்.