செல்ஃப் அடிக்குது, ஸ்பார்க் இல்லை: ஸ்பீடுயினோ போட்ட எஸ்டீமும் மூன்று ஞாயிறும்

மூன்று ஞாயிற்றுக்கிழமை போச்சு. தேவையே இல்லாமல் ஒரு இக்னைட்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைப் போட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) வாங்கியாச்சு. கடைசியில் அகப்பட்டது இரண்டே இரண்டு வயரிங் தவறு. தனித்தனியாக வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டது.

வண்டி 1.3 லிட்டர் எஸ்டீம். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை ஓரங்கட்டிவிட்டு, க்ராங்க் புல்லியில் 36-1 பல்சக்கரம் (36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று மட்டும் இல்லை), அதற்கு இரண்டு வயர் விஆர் சென்சார் (பல் கடக்கும்போது சிக்னல் தரும் காந்த சென்சார்), 1-4 சிலிண்டருக்கும் 2-3 சிலிண்டருக்கும் ஜோடியாகச் சேர்ந்து அடிக்கும் வேஸ்டட் ஸ்பார்க் காயில், நடுவில் இக்னைட்டர். மூளையாக ஸ்பீடுயினோ, அதாவது நாமே கட்டிக்கொள்ளும் என்ஜின் கண்ட்ரோல் கம்ப்யூட்டர் (ஈசியு). ஃப்யூயல் பக்கம் ஒரு தொல்லையும் இல்லை, அதை விட்டுவிடலாம். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பிளக்கில் பொறி மட்டும் இல்லை.

வயரிங் போட்ட எலக்ட்ரீஷியன் அரை நிமிஷம் பார்த்துவிட்டு "இக்னைட்டர் போச்சுங்க" என்றார். வாங்கி மாட்டினால் அதே கதை. அவரைச் சொல்லிப் பயனில்லை. அளக்காமல் பணம் கொடுத்தது நம் தப்பு. காயிலைப் பொறுத்தவரை மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும்: இந்த வகையில் பிரைமரி (12 வோல்ட் வாங்கும் பக்கம்) அரை ஓம் சுற்றி, செகண்டரி (பிளக்குக்குப் போகும் பக்கம்) பத்துப் பதினைந்து கிலோ ஓம். இரண்டுமே சரியாக இருந்தன.

பிறகு லேப்டாப்பை மாட்டி டியூனர்ஸ்டூடியோவில் (ஸ்பீடுயினோவை டியூன் செய்யும் சாஃப்ட்வேர்) டூத் லாகர் எடுத்தோம், பல்லுக்குப் பல் ஆகும் நேரத்தைக் கம்பிப் படமாகக் காட்டும் பக்கம். ஸ்பார்க் இல்லை என்றால் முதலில் திறக்கவேண்டிய பக்கம் இதுதான், ஃப்யூயல், டைமிங் அட்டவணை உள்ள மேப் பக்கம் இல்லை. செல்ஃபில் என்ஜின் 250 ஆர்பிஎம் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் பல்லுக்குப் பல் ஏறக்குறைய 6.7 மில்லிசெகண்ட். பல் இல்லாத இடத்தில் அதற்கு இரட்டிப்பு, 13.3. ஆக 34 குட்டைக் கம்பி, ஒரு நெட்டைக் கம்பி, மறுபடி 34 குட்டை என்று தெரியவேண்டும். கம்பிகள் ஒரே உயரத்தில் நிற்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை மேடு தட்டும். அது கம்ப்ரெஷன், பயப்படவேண்டாம்.

எங்களுக்கு வந்த படத்தில் ஒற்றை நெட்டைக் கம்பியே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நடுத்தரக் கம்பிகள், ஒவ்வொன்றும் 10 மில்லிசெகண்ட் கிட்ட. இதுதான் விஆர் வயர் மாறியிருப்பதன் கையெழுத்து. சரியான போலாரிட்டியில் கண்டிஷனர் (சென்சார் சிக்னலை ஈசியு படிக்கும்படி மாற்றும் சர்க்யூட்) பல்லின் நடுவில் சிக்னலைப் பிடிக்கும். மாற்றிக் கொடுத்தால் பல்லுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் நடுவில் பிடிக்கும். பல் இல்லாத நீளப் பள்ளத்துக்கும் நடு என்று ஒன்று உண்டே! அதனால் 20 டிகிரி இடைவெளி ஒன்று வரவேண்டிய இடத்தில் 15, 15 என்று இரண்டாக உடைகிறது. ஒரு பல் குறைந்த சக்கரத்தில் முந்தைய இடைவெளியைவிட ஒன்றரை மடங்கு தாண்டினால்தான் ஸ்பீடுயினோ அதை விடுபட்ட பல் என்று ஏற்கும். நமக்கு வருவதோ மிகச் சரியாக அந்த எல்லைக்கோட்டில். அதனால் ஒரு தடவை சிங்க் ஆகும் (சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பிடித்துக்கொள்ளும்), அடுத்த தடவை ஆகாது. ஆர்பிஎம் முள் குதிக்கும், சிங்க் லாஸ் எண் ஏறிக்கொண்டே போகும்.

வயரை மாற்றினோம். இங்கேதான் சறுக்கினோம். மாற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. "அப்போ இது இல்லை" என்று சொல்லி, மறுபடி லாக் எடுக்காமலே பழையபடி திருப்பி மாட்டிவிட்டோம். சரி செய்ததை நாமே கெடுத்தோம். இரண்டாவது ஞாயிறு அதோடு காலி. ஒரு இடத்தில் திருத்தினால் அந்த இடத்தில் சிக்னல் சரியாச்சா என்று மட்டும் பாருங்கள். என்ஜின் ஸ்டார்ட் ஆச்சா என்பது அந்தத் திருத்தத்துக்கான பரீட்சை இல்லை.

இரண்டாவது தவறு முதல் நாளிலிருந்தே சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடிக்கும்போது ஒன்றுமில்லை. சாவியை விடும் அந்த நொடியில், என்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது, எப்போதாவது ஒரு உறுமல். இதைக் கேட்டால் வேறெங்கும் போகாதீர்கள். ஸ்டார்ட் பொசிஷனில் காயிலுக்குக் கரண்ட் கட் ஆகிறது, ஆன் பொசிஷனுக்குத் திரும்பும்போது வருகிறது. சாவியில் வரும் சில லைன்களை, செல்ஃபுக்கு முழுக் கரண்ட் கிடைக்கட்டும் என்று ஸ்டார்ட்டில் வேண்டுமென்றே துண்டிப்பார்கள். அப்படி ஒரு லைனில்தான் எங்கள் காயிலும் ஈசியுவும் சேர்ந்து தொங்கின.

அப்படியானால் ஈசியுவும் செத்திருக்கவேண்டுமே, ஆர்பிஎம் எப்படிக் காட்டியது? லேப்டாப் யுஎஸ்பி. ஸ்பீடுயினோவின் அடியில் இருப்பது அர்டுயினோ மெகா என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. யுஎஸ்பி கேபிளிலிருந்தே 5 வோல்ட் எடுத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். வண்டிக் கரண்ட் போனது தெரியாமல் அது பாட்டுக்குப் பல் எண்ணிக்கொண்டிருந்தது. பழைய லாகைத் திறந்து பேட்டரி வோல்ட் வரிசையைப் பார்த்தால், செல்ஃப் அடிக்கும் இடத்தில் எல்லாம் பாதாளத்தில் விழுந்திருக்கிறது. நல்ல வண்டியில் 9, 10க்கு இறங்குவது சகஜம். இப்படிப் பூஜ்யத்தை ஒட்டி விழாது. மூன்று வாரமாகக் கண்ணெதிரில் இருந்த எண், எல்லார் கண்ணும் ஆர்பிஎம்மில்.

உறுதி செய்ய மீட்டர்கூட வேண்டாம். 21 வாட் பல்பு ஒன்றைக் காயில் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடியுங்கள். ஆனில் பளிச். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பியதும் பொட்டென்று அணைந்தது, விட்டதும் எரிந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அப்படியே. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வைத்தியம் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போடும் சுவிட்ச்). 30ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து 20 ஆம்ப் ஃப்யூஸ் வழியாக நேர் வயர், 87 காயிலுக்கும் ஈசியுவுக்கும், 85 எர்த். 86க்கு ஆன், ஸ்டார்ட் இரண்டிலும் உயிருள்ள வயர். அது எது என்பதை வயர் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், செல்ஃப் அடித்துப் பல்பால் பாருங்கள். அப்படி ஒரு வயர் சிக்கவில்லை என்றால் ஆன் லைன், ஸ்டார்ட் லைன் இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு 1N4007 டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும்) போட்டு 86க்கு இழுக்கலாம். டயோடு இல்லாமல் நேராக முடிச்சுப் போட்டால், சாவியை ஆனில் வைத்ததுமே செல்ஃப் சுற்றத் தொடங்கிவிடும்.

பிறகு விஆர் வயரை மறுபடி மாற்றி, இந்த முறை லாக் எடுத்து ஒற்றை நெட்டைக் கம்பியைக் கண்ணால் பார்த்த பிறகே இன்ஜெக்டர் கனெக்டரை மாட்டினோம். (சோதனை முழுக்க அதைக் கழற்றி வைக்கவேண்டும், இல்லையென்றால் பிளக் நனைந்து புதுத் தலைவலி.) இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது.

இன்னொரு எச்சரிக்கை, இது எங்களுக்கு நூலிழையில் தப்பியது. ஸ்பார்க் அவுட்புட் செட்டிங்கை "கோயிங் ஹை" (சிக்னல் ஏறும்போது பொறி) என்று மாற்றிப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். இக்னைட்டருக்கு அது பொருந்தாவிட்டால் சாவி போட்டதிலிருந்து காயில் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டை 0.6 ஓமால் வகுத்தால் 20 ஆம்ப், அதாவது 240 வாட் சூடு. கையை வைத்துப் பார்க்கும் வரை காத்திருக்காது. ஹார்ட்வேர் டெஸ்ட் பக்கத்தில் காயிலைத் தொடர்ந்து ஆனில் விடுவதும் இதே ஆபத்துதான்.

பொறி விழும் டைமிங்கை 10 டிகிரியில் நிறுத்தி வைத்து டைமிங் லைட் அடித்தபோது 20 காட்டியது. ட்ரிகர் ஆங்கிளில் (விடுபட்ட பல்லுக்கும் என்ஜின் நிலைக்கும் உள்ள கோணத்தை ஈசியுவுக்குச் சொல்லும் எண்) கை வைக்கப் போய் நிறுத்தினோம்: வேஸ்டட் ஸ்பார்க்கில் பிளக் வழக்கம்போல இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை இல்லாமல், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அடிக்கும், டயல் உள்ள டைமிங் லைட்டுகளில் சில அதை இரட்டிப்பாகக் கணக்குப் போடும். டயலைப் பூஜ்யத்தில் வைத்து, புல்லியில் 10 டிகிரிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு அடித்தோம். கோடு அசையாமல் நின்றது.