மெல்போர்னுக்குப் போன களைக்கொத்து

மெல்போர்னில் இருக்கும் என் பள்ளித்தோழி தோட்டம் போடப்போவதாகச் சொன்னாள். அங்கே வசந்தம் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. உடனே வளவில் காயவைத்திருந்த புடலை, அவரை விதைகளைப் பொட்டலம் கட்டிவிட்டேன்.

“அடி பாவி, விதை அனுப்பிவிடாதே, பிடுங்கி அழித்துவிடுவார்கள்” என்று போனில் பதறினாள். ஆஸ்திரேலியாவில் விதை, மண், காய்ந்த இலை எல்லாவற்றுக்கும் கெடுபிடி. பனையோலைக் கொட்டானில் வைத்து அனுப்பும் ஆசையும் அதோடு போயிற்று. கொட்டான் இல்லாமல் செட்டிநாட்டுச் சீரா?

கடைசியில் காரைக்குடியில் ஒரு கொல்லுப்பட்டறையில் களைக்கொத்து அடிக்கச் சொன்னேன். மரப்பிடி வேண்டாம், பட்டையோ பூச்சித்துளையோ இருந்தால் வம்பு. இரும்புக் குழாயிலேயே பிடி வைத்துத் தந்தார். உள்ளங்கை அகலம், சற்றே வளைந்த நுனி, மேலெல்லாம் சுத்தியல் தழும்பு. துருவேறாமல் தேங்காயெண்ணெய் தடவி, அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றினேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, அம்மா மன்னிக்கட்டும்.

எடை 700 கிராம். அனுப்பிய செலவு களைக்கொத்தின் விலையைப் போல ஐந்து மடங்கு. அவளிடம் சொல்லவில்லை.

நேற்றுப் படம் அனுப்பியிருந்தாள். களைக்கொத்து சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. கண்டாங்கித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிரிக்கிறாள்.