புது பெயிண்டைச் சுரண்டின கதை

ஆர்.டி.ஓ. ஆபீஸில் அப்பாவின் பழைய காரின் பானெட்டைத் திறந்து காட்டினேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வண்டி சூப்பரா இருக்கும்மா. நம்பர் எங்கே?"

சேஸிஸ் நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று சிவப்பு பெயிண்ட். பாடியில் தகடு வேலையும் பெயிண்டும் செய்கிற டிங்கர் தகட்டைக் கழற்றாமலே மேலே பட்டி இழுத்து, ப்ரைமர் அடித்து, மூன்று கோட் பெயிண்டும் அடித்து முடித்திருந்தார். ஷெட்டிலிருந்து வண்டி வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. டிரைவிங் டெஸ்ட்டுக்கு வந்த பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, வீட்டுச் சாவியை எடுத்து நானே சுரண்ட ஆரம்பித்தேன். முதலில் சிவப்பு சுருள் சுருளாக வந்தது. அப்புறம் சாம்பல் நிறத் தூள். அதற்குக் கீழே மங்கலாக இன்னொரு சிவப்பு, அதற்கும் கீழே ஆகாய நீலம். ரிவெட் தலை தெரிந்ததும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய பேப்பரை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவே எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தன. கடைசி எண் மூன்றா எட்டா என்று அவருக்குச் சந்தேகம். இன்னொரு பேப்பர், இன்னொரு தேய்ப்பு. எட்டுதான்.

அதோடு விட்டாரா? ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "கலர் நீலம்னு இருக்கு, வண்டி சிவப்பா இருக்கே?" என்றார்.

அப்பாவின் கார், 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு. மாநிலத்துக்கு இன்னும் தமிழ்நாடு என்று பேர் வராத காலத்தது, அதனால் நம்பர் எம்.எஸ். என்று தொடங்கும். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று விற்றதை 1961-லிருந்து இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தது. ஆக, சுத்தமான மெட்ராஸ் கார். அம்பாசிடர் கல்கத்தாக்காரன், ஃபியட் பம்பாய்க்காரன், நம்மாளு ஹெரால்டு என்பார் அப்பா.

அவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். கார் வாங்குகிற சம்பளம் எல்லாம் கிடையாது. 1981-ல் கீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டர் வீட்டில் ஓடாமல் கிடந்ததை, எடைக்குப் போடுகிற விலைக்கு வாங்கி, ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்து ஓட வைத்தார். நீலமாக இருந்ததை அப்போதைய ரயில் பெட்டிச் சிவப்புக்கு மாற்றினதும் அவர்தான். புத்தகத்தில் பதியவில்லை. 2009-க்கு அப்புறம் வண்டி நகரவே இல்லை. அப்பா 2021-ல் போய்விட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் அயனாவரத்து வீட்டு வாசலில் சக்கரத்தின் பாதி வரைக்கும் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்த மறுநாள் அம்மா சொன்னாள், "ஒண்ணு சரி பண்ணு, இல்ல வித்துடு. இப்படிப் பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

கார் மெக்கானிக் மேஸ்திரி அப்பாவுக்குப் பழக்கம், எழுபது வயசுக்கு மேலே. வந்ததும் பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டில் பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டு, மொத்தமாக முன்பக்கம் சாயும். "டயர் மேல உக்காந்தே வேலை பாக்கலாம் பாப்பா. இப்ப வர்ற காருக்கெல்லாம் கையே நுழையல" என்று இடது டயரில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த எட்டு மாசத்தில் பாதி அந்த டயர் மேலேயே கழிந்தது.

எஞ்சின் ஜாம். 948 சி.சி., நாலு சிலிண்டர். பிளக் நான்கையும் கழற்றி, ஓட்டைக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டோம். தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு அசைத்துப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் ஒரு நூல் அசைந்தது. பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் துரு வளையம். ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைத்தால் போர் அடிக்கலாம், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிசாக்கலாம். அது கிடைக்காததால் உள்ளே ஸ்லீவ் என்கிற குழாயை இறக்கி, பழைய பிஸ்டனுக்கே அளவு பார்த்து, புது ரிங் போட்டோம். 63 மில்லிமீட்டர் போர் என்று எழுதிக் கொடுத்ததை லேத்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, "ஆட்டோ எஞ்சினா அக்கா?" என்று கேட்டார்.

ஸ்பேர் தேடி, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. ஒரு கடையில் பாய் சிரித்தார். "ஹெரால்டா? அதெல்லாம் உருக்கி முறுக்குக் கம்பியாகி, இந்நேரம் யார் வீட்டு மாடியிலயோ கான்கிரீட்டுக்குள்ள இருக்கும்மா." ஆனாலும் மூன்றாம் முறை போனபோது எங்கிருந்தோ ஒரு கதவுக் கைப்பிடியும் டெயில் லாம்ப் கண்ணாடியும் எடுத்து வைத்திருந்தார். டெயில் லாம்ப்புக்குக் காசு வாங்கினார், கைப்பிடிக்கு வாங்கவில்லை. காரணம் கேட்டதற்கு, "அது எனக்கும் எதுக்கும் ஆகாது" என்றார்.

நல்ல விஷயம் ஒன்று. அம்பாசிடர், ஃபியட்டில் பாடியேதான் சட்டம், இதில் அப்படி இல்லை. அடியில் தனிச் சட்டமாக சேஸிஸ், அதன் மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு உட்கார்த்தியிருக்கும். கூரையைக்கூடக் கழற்றலாம். அதனால் பாடி ஓட்டையானாலும் வண்டி செத்துவிடாது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துரு பிடிக்கும். எங்களுடையதில் இடது பக்கம் இரண்டு கை, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வளைத்து வெல்ட் வைத்தோம்.

டிங்கர் விஷயத்தில் நான் ஏமாந்தேன், ஒத்துக்கொள்கிறேன். முன் மட்கார்டு அவ்வளவு வழவழப்பாக வந்ததைப் பார்த்து மயங்கி முன்பணம் முழுக்கக் கொடுத்துவிட்டேன். அப்புறம் மேஸ்திரி சொல்லி, வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி காந்தத்தை எடுத்துப் போய் மட்கார்டு மேல் நகர்த்தினேன். ஒட்டிக்கொண்டே வந்தது, ஹெட்லைட்டுக்குப் பின்னால் வந்ததும் பொத்தென்று விழுந்தது. ஒரு சாண் அகலத்துக்கு அங்கே தகடே இல்லை, பட்டிதான். சண்டை போட்டு, உரித்து, தகடு வைத்து மறுபடி செய்ய இன்னொரு மாசம். பெயிண்ட் அடிப்பதற்கு முன் காந்தம் வைத்துப் பாருங்கள். அடித்த பிறகும் காந்தம் பொய் சொல்லாது, ஆனால் அப்போது உரிக்க மனசு வராது.

இனி ட்ரனியன். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியாவது போதும். முன் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை மேல்தான் சக்கரம் திரும்புகிறது. அங்கே கிரீஸ் போடக் கூடாது. நைன்ட்டி கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடிமரை வரைக்கும் இறங்காது, இறங்காத இடத்தில் தண்ணீர் உட்காரும், தண்டு உள்ளுக்குள்ளேயே அரித்து, ஒரு நாள் தெருமுனையில் திரும்பும்போது பட்டென்று முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அப்பா வண்டி ஷெட்டில் பச்சை நிற ஆயில் கன் ஒன்று தனியாக ஆணியில் தொங்கும், நாங்கள் தொட்டால் திட்டு விழும். ஏன் என்று நாற்பது வருஷம் எனக்குத் தெரியாது. மேஸ்திரியின் பையன் நல்லெண்ணத்தில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தப் போனபோது மேஸ்திரி போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது.

கழற்றிப் பார்த்ததில் வலது பக்க மரை அரித்திருந்தது. பதினாலு வருஷம் யாரும் ஆயில் விடவில்லையே. அந்தக் குற்றம் என் மேல்தான். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபையர் என்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் சேஸிஸ் வம்சம், அதற்கு இங்கிலாந்தில் இன்னமும் ஸ்பேர் செய்கிறார்கள். எழுதிப் போட்டு வரவழைத்தேன். கஸ்டம்ஸ் கட்டி, பெட்டியைப் பிரித்து மேஸ்திரியிடம் நீட்டினால், அவர் இரண்டு கட்டையையும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்து, "பாப்பா, ரெண்டும் ஒரே கை" என்றார். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. நான் இரண்டும் ஒரே பக்கத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். திரும்ப ஆர்டர், திரும்ப கஸ்டம்ஸ். ஒரு கட்டை இன்னமும் என் ஆபீஸ் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

டைனமோவை, பாடி என்கிற ஊரில் இருக்கும் லூகாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அப்பாவின் நண்பர் தன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து வைண்டிங் கட்டிக் கொடுத்தார். டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டர், சி.பி. பாயின்ட், கண்டென்சர் என்று தீப்பொறிக்கு வேண்டியதெல்லாம் ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் பொருந்துகிற மாதிரி கிடைத்தது. பிரேக்குக்கு வீல் சிலிண்டர் கிட், புது லைனிங். பெட்ரோல் பக்கம்தான் கவனம் வேண்டியிருந்தது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1966-ல் போட்ட ரப்பரை அது ஊதி மென்மையாக்கிவிடும். பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கட் மூன்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றினோம். மாசக்கணக்கில் டேங்கில் பெட்ரோலை நிறுத்தி வைப்பதும் இல்லை.

இவ்வளவும் முடித்துவிட்டுத்தான் பேப்பரைக் கையில் எடுத்தேன். தலைகீழாகச் செய்ததற்குத்தான், ஆரம்பத்தில் சொன்ன மாதிரி, சாவியால் சுரண்டினது. வண்டி இன்னும் அப்பா பேரில். இறந்தவர் பேரிலிருந்து மாற்ற ஃபார்ம் 31. வண்டியை விற்கும்போது போடுகிற 30 இல்லை, அதை நிரப்பிக்கொண்டு போய் ஒரு நாள் வீணானது. கூடவே இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும் கடிதம். அம்மா உடனே கையெழுத்துப் போட்டாள். மஸ்கட்டில் இருக்கும் தங்கை, "பாதி கார் எனக்கும்தானே? ஹார்னை மாத்தாம இருந்தா கையெழுத்துப் போடறேன்" என்று கண்டிஷன் வைத்தாள். அந்த வண்டியின் விவரம் கம்ப்யூட்டரிலேயே இல்லை, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் காலாவதியாகி வருஷங்கள் ஆகியிருந்தன. பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து ஏற்றுவதற்கே ஏழு வாரம். அதற்கப்புறம்தான் பெயர் மாற்றம், கலர் மாற்றத்தைப் பதிவது, ரினீவல். ரினீவல் ஐந்து வருஷத்துக்கு.

விண்டேஜ் என்று பதியலாமே என்று பலர் கேட்டார்கள். 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அது உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி பத்து வருஷம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று இப்படிச் சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. எங்கள் வண்டி மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி ஏற்றின வண்டி. தவிர, ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பது அந்த விதி. ஃபேக்டரி நீலத்துக்குத் திருப்பு, அப்பா ஒட்டவைத்த அம்பாசிடர் ஹார்னைப் பிடுங்கு, டாஷ்போர்டில் அவரே செய்து போட்ட தேக்குப் பலகையைக் கழற்று என்று நண்பர்களும் லிஸ்ட் கொடுத்தார்கள். ஃபேக்டரி அதை வைத்திருந்தது சில மாசம், அப்பா வைத்திருந்தது நாற்பது வருஷம். சிவப்பாகவே இருக்கட்டும் என்று கலர் மாற்றத்துக்குப் பணம் கட்டினேன்.

மொத்தச் செலவு மூன்றே முக்கால் லட்சம். அதில் என் அவசரத்துக்கும் தப்புக்கும் மட்டும் ஐம்பதாயிரமாவது இருக்கும். விற்றால் வராது.

ஓட்டுவது தனிப் படிப்பு. கியர் பற்கள் உரசாமல் சேர உதவுகிற சின்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது, வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் பல்லை நறநறவென்று கடிக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின் சக்கரம் இரண்டும் காலை மடக்கின மாதிரி உள்ளே சாய்ந்துகொள்ளும். இறக்கினதும் முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டினால்தான் நேராகும். முதல் முறை பார்த்தபோது ஆக்ஸில் உடைந்துவிட்டது என்று பயந்து மேஸ்திரிக்கு போன் போட்டேன், அவர் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார். ஆனால் திரும்புகிற அழகு இருக்கிறதே! 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் தெருவில் ஆட்டோவே ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில் ஒரே திருப்பில் யூ-டர்ன் போட்டேன், எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

போன ஞாயிறு அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து வில்லிவாக்கம் வரைக்கும் போய் வந்தோம். போகும்போது ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது மட்டும், "உங்கப்பா மாதிரியே ரோட்டைப் பாக்காம சத்தத்தைக் கேட்டுக்கிட்டு ஓட்டாதே" என்றாள்.

சத்தம் நிஜமாகவே இருக்கிறது. பின் சக்கரம், இடது பக்கம், வேகம் குறைக்கும்போது மட்டும். ஆக்ஸில் மூட்டில் இருக்கும் கிராஸாக இருக்கும் என்கிறார் மேஸ்திரி. வருகிற ஞாயிறு கழற்றிப் பார்க்க வேண்டும்.