கம்பாரிசன் மைக்ராஸ்கோப்புக்கு இங்கே வேலை குறைவு

தடய அறிவியல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒப்பீட்டு நுண்ணோக்கிதான், அதாவது கம்பாரிசன் மைக்ராஸ்கோப். இரண்டு மைக்ராஸ்கோப்புகளை ஒரு பாலத்தால் இணைத்திருப்பார்கள். ஒரே வட்டத்துக்குள் இடப்பக்கம் உடலிலிருந்து எடுத்த குண்டு, வலப்பக்கம் ஆய்வகத்தில் சுட்டெடுத்த குண்டு. கோட்டோடு கோடு சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். 1929-இல் சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் கால்வின் காடர்ட் இதை வைத்துத் துப்பாக்கிகளை அடையாளம் காட்டினார். கருவிக்குப் பெரிய பேர் கிடைத்தது. படிக்கும் காலத்தில் எனக்கும் அதன்மேல்தான் கண்.

சேலத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு வந்த பிறகு நிலைமை வேறு. சேர்வராயன் மலைப் பக்கத்திலிருந்து எங்கள் மேஜைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியே கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு இடிக்கிற வகை. குழாயின் உட்புறம் வழவழவென்று இருக்கும், குண்டின்மேல் கோடு கீறுகிற சுழல் வரிப்பள்ளம் கிடையாது. அப்புறம் குண்டின்மேல் எந்தக் கோட்டைத் தேடுவது? தோட்டாக் கூடே இல்லாததால் ஊசி குத்திய தடமும் இல்லை. சுட்டவர் கையில் படிந்த துகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாலும், ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒரே துகளில் சேர்ந்திருக்கும் அந்தப் பாடப்புத்தக அடையாளத்தை எதிர்பார்க்க முடியாது. அது தொழிற்சாலைத் தோட்டாவின் பிரைமரில், அதாவது ஊசி குத்தியதும் பற்றிக்கொள்ளும் மருந்தில் இருந்து வருவது. கரிமருந்தில் இருப்பது வெடியுப்பு, கந்தகம், கரி. ஆகவே எங்கள் கம்பாரிசன், பூட்டை நெம்பிய கடப்பாரைத் தடத்துக்கும் கம்பியை வெட்டிய கட்டிங் பிளேயருக்கும்தான் அதிகம் உழைத்தது.

தினப்படி சோறு போட்டது ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். நாற்பது மடங்கைத் தாண்டாத பெருக்கம்தான். ஆனால் உருவம் தலைகீழாகாது, ஆழம் தெரியும், லென்சுக்குக் கீழே இடுக்கியை ஓட்ட இடம் இருக்கும். செருப்பு, லாரி மிதியடி, வேட்டி மடிப்பு எல்லாம் முதலில் அதன் அடியில்தான் போகும். எடுத்த எடுப்பில் ஆயிரம் மடங்குக்குத் தாவுகிற புதுப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

ஸ்டீரியோவில் பொறுக்கிய மண்துகள் அடுத்து போலரைசிங் மைக்ராஸ்கோப்புக்குப் போகும். எங்கள் வட்டாரம் இதற்கென்றே அமைந்தது போலிருக்கும். ஏற்காடு மேலே பாக்சைட், இரும்பேறிய செம்மண். கீழே மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். ஒரு சட்டையில் வெள்ளைத் தூள் இருந்தால் அது வெள்ளைக்கல்லா, சுவருக்கு அடித்த சுண்ணாம்பா, வெறும் மாவா? இந்த மைக்ராஸ்கோப்பில் ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டிகள் இரண்டு உண்டு. அவற்றைக் குறுக்காக வைத்து மேடையைச் சுழற்றினால் மேக்னசைட் பளிச்சென்று ஒளிர்ந்து அணையும். பழைய சுண்ணாம்புப் பூச்சும் கார்பனேட்தான், அதுவும் அப்படியே ஒளிரும். அங்கே ஒரு சொட்டு நீர்த்த அமிலம் போதும். சுண்ணாம்பு உடனே பொங்கும். வெள்ளைக்கல் சூடு காட்டினால்தான் பொங்கும்.

மாவு என்றால் இன்னும் சுலபம். ஒவ்வொரு மணியிலும் கறுப்புச் சிலுவை தெரியும். மரவள்ளி மாவுமணி ஒரு பக்கம் வெட்டிவிட்ட உருண்டை. மக்காச்சோள மணி கோணல் கோணலாக இருக்கும். மரவள்ளி மாவில் செய்கிற ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலப்படம் என்று சர்ச்சை எழும்போதெல்லாம் இந்த வித்தியாசம்தான் கைகொடுக்கும். ஒரு சங்கடம், ஜவ்வரிசியை வறுக்கும்போது மேல்பக்கத்து மாவுமணிகள் வெந்து உருக்குலைந்து சிலுவை காணாமல் போய்விடும். ஜவ்வரிசி உருண்டையை உடைத்து உள்மாவைப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, "அப்போ இது இன்ன சுரங்கத்து மண்தானேங்க ஐயா?" என்று விசாரணை அதிகாரி கேட்பார். இன்ன வகைக் கனிமம் என்று சொல்லலாம். இன்ன குழி என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சம்பவ இடத்து மண், சுற்றுவட்டாரத்தில் நாலைந்து இடத்து மண், சந்தேகப்படுகிறவர் வீட்டு வாசல் மண் எல்லாவற்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அனுப்பச் சொல்லி, அவருக்கே மறுபடியும் கடிதம் எழுதுவோம்.