தோளுக்கு ஏற்ற தோட்டா

பறக்கும் களிமண் தட்டைத் துவக்கால் சுட்டு உடைக்கும் விளையாட்டைத் தொடங்கி ஆறு ஞாயிறு முடிந்துவிட்டது. முதல் ஞாயிறு 25 தட்டில் 9 உடைத்தேன். இரண்டாவது ஞாயிறு 8. போன ஞாயிறு 17. துவக்கு அதேதான், சுடுகிற ஆளும் அதே ஆள்தான். தோட்டா மாறியது. பழக்கத்தால் வந்த முன்னேற்றமும் இதில் இருக்கும்தான், ஆனால் பெரிய பாய்ச்சல் தோட்டாவை மாற்றிய அன்றுதான் வந்தது. அதனால் அந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. எனக்குச் சொந்தத் துவக்கு கிடையாது. இலங்கையில் வாங்குவதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் 1916 இல் வந்தது, இன்றைக்கும் அதுதான் அடிப்படை. அந்த அலைச்சலுக்கு எனக்குப் பொறுமை இல்லை. வெள்ளவத்தையில் இருந்து விடியற்காலையில் கிளம்பிப் போய், சுடும் கழகத்துத் துவக்கால் கழகத்துத் தோட்டாவைச் சுட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவன் நான். பக்கத்தில் நின்று சொல்லித் தருபவரை எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம்.

கழகத்தில் இருப்பது போர் 12 துவக்கு. போர் (bore) என்பது குழாயின் உள் அகலத்தைச் சொல்லும் அளவு. இந்த 12 எங்கிருந்து வந்தது என்று நானா சொன்னபோது சிரிப்பாக இருந்தது. ஒரு றாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று எந்தக் குழாயில் சரியாகப் பொருந்துமோ அது போர் 12. றாத்தல் கணக்கில் பாண் வாங்குகிற நமக்கு இது சட்டென்று புரியும். போர் 20 என்றால் உருண்டை சிறியது, குழாயும் ஒடுக்கம்.

அலமாரியில் மூன்று வகைப் பெட்டிகள் இருந்தன: 28 கிராம் ஏழரை நம்பர், 24 கிராம் ஏழரை நம்பர், 24 கிராம் ஒன்பதாம் நம்பர். கிராம் என்பது உள்ளே இருக்கும் ஈயக்குண்டுகளின் மொத்த எடை. நம்பர் என்பது ஒரு குண்டின் பருமன், நம்பர் ஏற ஏறக் குண்டு சிறுக்கும். ஏழரை ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர், ஒன்பது 2 மில்லிமீற்றர். புதிதாக வருகிற எல்லோரையும் போல நானும் 28 கிராம் பெட்டியைத்தான் தூக்கினேன். ஈயம் கூட, பெட்டியில் போட்டிருந்த வேகமும் கூட. கூடினால் நல்லதுதானே?

திங்கட்கிழமை 100 ஆம் இலக்க பஸ்ஸில் மேல்கம்பியை வலது கையால் பிடிக்க முடியவில்லை. தோளில் உள்ளங்கையளவு நீலம்.

இரண்டாவது ஞாயிறும் அதே பெட்டிதான். வீம்பு. அன்றைக்குத்தான் நானா ஒரு வேலை செய்தார். துவக்கில் தோட்டாவைத் தானே போட்டுத் தருவதாகச் சொல்லி, எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டுவிட்டார். தட்டு பறந்தது, விசையை இழுத்தேன், டிக் என்ற சத்தம் மட்டும். ஆனால் குழாய் முனை ஒரு சாண் கீழே குத்தியது, என் கண்கள் இறுக மூடியிருந்தன. பின்னால் நின்ற இரண்டு பொடியன்கள் சிரித்துவிட்டார்கள்.

“தம்பி, துவக்கு வெடிக்கல்ல. நீங்கதான் வெடிச்சீங்க,” என்றார் நானா.

உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து சுருங்குகிறது. அந்தக் கணத்தில் குழாய் எங்கே பார்த்தால் என்ன, 28 கிராம் இருந்தால் என்ன? ஈயம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் தோளில் விழும் உதையின் சக்தி அதைவிட வேகமாக ஏறும், ஒரே வேகத்தில் சுட்டால் கால்வாசிக்கு மேல். வேகமும் சேர்ந்தால் இன்னும் மோசம். நொடிக்கு 400 மீற்றரில் கிளம்பும் குண்டுக்கும் 420 இல் கிளம்பும் குண்டுக்கும் 30 மீற்றர் போய்ச் சேர்வதில் நொடியின் நூறில் ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் தட்டு ஒரு சாண் தூரம்கூட நகராது.

மூன்றாவது ஞாயிறு செட்டியார் தெரு நகைக்கடையில் வேலை செய்யும் மச்சானும் கூட வந்தான், கைக்கடக்கமான தராசோடு. நானா இரண்டு வகைத் தோட்டாவிலும் ஒவ்வொன்றை வெட்டித் திறந்து காட்டினார். (அவர் செய்கிற வேலை அது, வீட்டில் யாரும் கை வைக்கக்கூடாது.) மடித்த வாயைப் பிரித்தால் குண்டுகள், அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம், அதன் அடியில் ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத வெடிமருந்து, கடைசியில் உலோக அடி. 24 கிராம் என்று எழுதியதில் 23.9 இருந்தது. மச்சான் பவுண் எண்ணுகிற முகத்தோடு குண்டுகளை எண்ணினான்: 301. 28 கிராமில் 347. ஆக நான் தோளைக் கொடுத்து வாங்கியது 46 குண்டு.

அந்த 46 எங்கே போகிறது என்று பார்க்க, ஒவ்வொரு வகைக்கும் இரண்டு பிறிஸ்டல் போட்டைச் சேர்த்து ஒட்டி, 75 சென்ரிமீற்றர் வட்டம் போட்டு, 30 மீற்றரில் நிறுத்திச் சுட்டோம். வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்துப் பேனாவால் புள்ளி வைத்து எண்ணினேன். 28 கிராம் 268 ஓட்டை, 24 கிராம் 236. அப்புறம் தேத்தண்ணித் தட்டு ஒன்றை எடுத்து நகர்த்திப் பார்த்தேன். பறக்கும் தட்டின் விட்டம் 110 மில்லிமீற்றர், நான் எடுத்த தட்டும் அந்த அளவுதான். வட்டத்தின் நடுப்பகுதியில் எங்கே வைத்தாலும் இரண்டு காகிதத்திலும் தட்டுக்கடியில் குறைந்தது மூன்று ஓட்டை. ஓரத்தில் வைத்தால் இரண்டிலும் சில இடம் வெறுமை. ஒலிம்பிக்கில் எல்லோருக்கும் 24 கிராம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. 2024 பாரிஸில் ட்ராப் என்ற தட்டுச் சுடும் போட்டியில் நின்ற புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானுக்கே அது போதுமென்றால், வெள்ளவத்தைக்காரனுக்குப் போதாதா?

நாலாவது ஞாயிறு 24 கிராமில் 14. தோள் வலிக்கவில்லை. கண் திறந்தே இருந்தது, தட்டு உடைவதை முதல்முறையாக நேரில் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஐந்தாவது ஞாயிறு ஆசையில் ஒன்பதாம் நம்பரைப் பரீட்சித்தேன். அதே 24 கிராமில் 500க்கு மேல் குண்டு, வலை போட்ட மாதிரி விழும் என்று கணக்கு. கிட்டத்தில் குறுக்கே போகிற தட்டுகள் கரித்தூளாகின. தூரத்துத் தட்டுகளோ பொட்டுப் பொட்டாகத் தூசி கிளம்பியும் உடையாமல் போய் விழுந்தன. களிமண் தட்டு என்று பெயர்தான், செய்வது தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து. விழுந்த ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தேன், விளிம்பில் இரண்டு ஓட்டை, தட்டு முழுசு. சின்னக் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும், உடைக்கிற பலம் தூரத்தில் மிஞ்சாது. எங்கள் மைதானத்தில் கிட்டத்துத் தட்டும் தூரத்துத் தட்டும் கலந்து வருவதால் எனக்கு ஏழரைதான் சரி.

இடையில் ஒரு அசட்டுத்தனம். பெட்டியில் 70 மில்லிமீற்றர் என்று இருக்க, அடிமட்டம் வைத்து அளந்தால் 58 தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நானாவிடம் போய் நின்றேன். அவர் நிலத்தில் கிடந்த வெற்றுக் கோது ஒன்றை எடுத்து நீட்டினார். வாய் விரிந்த கோது 70. அந்த அளவு சுட்ட பின் உள்ள நீளம். அதனால்தான் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீற்றராக உள்ள பழைய துவக்கில் 70 தோட்டா இடைஞ்சல் இல்லாமல் உள்ளே போகும், ஆனால் வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறிவிடும். இதைவிடப் பயங்கரம் போர் 20 தோட்டா. அது போர் 12 குழாய்க்குள் வழுக்கிப்போய் அறையைத் தாண்டியதும் சிக்கிக்கொள்ளும். கவனிக்காமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழாயே வெடிக்கும். போர் 20 தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிற வழக்கம் இதற்காகத்தான். சட்டைப் பையில் இரண்டையும் கலந்து வைத்திருந்த ஒருவரை நானா அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்.

கடற்காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டு கேற்றைத் தின்கிற அதே துரு, திறந்து வைத்த பழைய பெட்டியில் தோட்டாவின் அடி விளிம்பிலும் ஏறியிருந்தது. அதில் ஒன்று சுட்டபின் வெளியே வராமல் அடம்பிடித்தது. இப்போது விளிம்பை விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் நானா தேத்தண்ணி தரமாட்டார், ஈயம் அப்படி.

ஆறாவது ஞாயிறு 24 கிராம் ஏழரையில் 17. தவறிய எட்டில் ஐந்து, இடமிருந்து வலமாகக் குறுக்கே போகிற தட்டு. அதற்கு என்ன தோட்டா போடலாம் என்று நானாவிடம் கேட்டேன். கோப்பையைக் கீழே வைக்காமலே சிரித்தார்.