விழித்திருப்பவருக்கு டியூப் போடுவது: ஒரு மயக்க மருத்துவரின் அனுபவம்

அவருக்கு வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்ததில் தாடை இறுகி, கழுத்துத் தோலும் விறைத்துப் போயிருந்தது. இப்போது தாடை எலும்பில் அறுவை சிகிச்சை. முந்தின நாள் மாலை பரிசோதித்ததுமே முடிவு செய்துவிட்டேன்: மயக்கம் கொடுக்கும் முன், விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டும்.

வழக்கமான முறையில் மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடும். நன்றாக ஆக்சிஜன் நிரப்பியிருந்தால் ஆரோக்கியமானவருக்கு ஏறக்குறைய 8 நிமிடம் தாங்கும். வெறும் காற்றை சுவாசித்திருந்தால் ஒரு நிமிடம்தான். அதற்குள் வழி கிடைக்க வேண்டும். பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நான்கு படிகள் உண்டு: வாய்வழியே குரல்வளையைக் காட்டும் லாரிங்கோஸ்கோப்பால் டியூப் போடுவது, குரல்வளைக்கு மேலே உட்காரும் எல்.எம்.ஏ. போன்ற கருவி, முகத்தில் வைக்கும் மாஸ்க், கடைசியாகக் கழுத்தின் முன்பக்கம் கீறி வழி செய்வது. இவருக்கு முதல் இரண்டும் வாயிலேயே அடைபட்டன. இறுகிய தாடையில் மாஸ்க்கையும் நம்ப முடியாது. மிஞ்சியது கழுத்து, அதுவும் விறைத்த கழுத்து. அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடி, குரல்வளை மேட்டுக்குக் கீழே கீற வேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்தோம். 10-ம் எண் கத்தி, டியூபுக்கு வழிகாட்டும் பூஜி என்ற மெல்லிய குச்சி, 6 மில்லிமீட்டர் டியூப் மூன்றையும் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

அவரிடம் எதையும் மறைக்கவில்லை. "ஐயா, இருமல் வரும், தொண்டை மரத்துப்போகும், எச்சில் விழுங்கவே முடியாத மாதிரி இருக்கும். ஆனால் மூச்சு நிற்காது. கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்." அவர் கேட்டது ஒன்றுதான்: "நீங்க பக்கத்துலயே இருப்பீங்கல்ல, டாக்டர்?"

மரக்கச் செய்வதில்தான் பாதி வேலை. முதலில் எச்சில் வற்ற கிளைகோபைரோலேட். ஈரத்தின் மேல் அடித்தால், மரக்க வைக்கும் மருந்தான லிக்னோகெயின் ஒட்டாது. மூக்கில் ரத்தம் வராமலிருக்க சைலோமெட்டசோலின். அப்புறம் 10 சதவீத லிக்னோகெயின் ஸ்பிரே. ஒரு அழுத்தலுக்கு 10 மில்லிகிராம் என்று செவிலியர் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். கொழுப்பு நீக்கிய எடையில் கிலோவுக்கு 9 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். லேசான தூக்கம் தரும் டெக்ஸ்மெடிடோமிடின் மிகக் கொஞ்சமாக ஓடியது. சரியாக மரக்காத தொண்டையைத் தூக்க மருந்தால் சமாளிக்கப் பார்ப்பது ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1967-ல் பீட்டர் மர்ஃபி என்ற மருத்துவர், பித்தநாளம் பார்ப்பதற்கான வளையும் ஸ்கோப்பை வைத்துத்தான் மூக்கு வழியாக டியூப் போடும் இந்த உத்தியை முதலில் செய்தார். இன்று படம் திரையில் தெரிகிறது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க, ஸ்கோப்பை மெதுவாக இறக்கினேன். எச்சில் குமிழ்கள், வீங்கிய திசு, பக்கவாட்டில் ஒதுங்கிய குரல்வளை மூடி. "நல்லா மூச்சை இழுங்க ஐயா" என்றதும் குரல் நாண்கள் விரிந்தன. ஸ்கோப் வழியாகவே அவற்றின் மேல் லிக்னோகெயின் விட்டேன். இருமினார். காத்திருந்தோம். அவசரப்படுகிற இடமில்லை அது. பிறகு மூச்சுக்குழாயின் வளையங்கள், அடியில் அது இரண்டாகப் பிரியும் இடம்.

டியூபை ஸ்கோப் மேல் சறுக்கியபோது குரல்வளையில் தட்டி நின்றது. தள்ளவில்லை. சற்றுப் பின்வாங்கி, இடஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்பியதும் வழுக்கி இறங்கியது. ஸ்கோப்பில் டியூப் மூச்சுக்குழாய்க்குள் இருப்பது தெரிந்தது. வெளிவிடும் மூச்சை அளக்கும் காப்னோகிராஃபில் ஒவ்வொரு மூச்சுக்கும் கார்பன் டை ஆக்சைடு அலை எழுந்தது. இரண்டையும் பார்த்த பிறகுதான் மயக்க மருந்து கொடுத்தேன்.

டியூபை எடுப்பதற்கும் அதே அளவு திட்டம் வேண்டும். வீக்கம் இருந்ததால் இரவு முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் டியூபோடு வைத்திருந்தோம். மறுநாள் அவர் நன்றாக விழித்து, சொன்னதைச் செய்யத் தொடங்கிய பிறகு, தேவைப்பட்டால் அதன் மேலேயே மீண்டும் டியூப் போட வசதியாக, உள்ளே ஒரு மெல்லிய எக்ஸ்சேஞ்ச் கதீட்டரை விட்டுவிட்டு டியூபை எடுத்தோம். மூச்சு சீராக இருந்ததால் சற்று நேரத்தில் அதையும் எடுத்தாயிற்று.

வீட்டுக்குப் போகும்போது ஒரு கடிதம் கொடுத்தேன். எந்த மூக்குத் துளை, எந்த அளவு டியூப், எங்கே தட்டியது, எது பலித்தது எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்து எந்த மருத்துவமனையில் மயக்கம் கொடுப்பதாக இருந்தாலும், பரிசோதனைக்கு முன்பே அதைக் காட்டச் சொல்லி அவரிடமும் அவர் மகளிடமும் சொல்லி அனுப்பினேன்.